பட்டினி போடாமல் பேட்டரியை வைத்திருப்பது: பாய்மரப் படகில் சார்ஜ் ஏற்றும் முறை

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றை ஏழு வருடம் ஓட்டியவன் நான். அந்தத் தெம்பில்தான் நண்பரின் படகுக்குப் பேட்டரி வாங்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். 32 அடிப் பாய்மரப் படகு, சென்னைத் துறைமுகத்துக்குள் கிடக்கும். 150 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) பேட்டரி இரண்டு வாங்கிப் போட்டோம். பதினான்கே மாதத்தில் இரண்டும் படுத்துவிட்டன. காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் வேலை செய்யும் ஓர் அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். மீட்டரை வைத்துப் பார்த்தார், நாங்கள் எப்போது எப்படிச் சார்ஜ் ஏற்றுகிறோம் என்று நாலு கேள்வி கேட்டார். அப்புறம், "இன்னா தம்பி, பட்டினி போட்டே சாவடிச்சிக்கிற" என்றார்.

அதிகமாக வேலை வாங்கியதால் செத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது இல்லை. ஒரு நாள்கூட அவற்றை வயிறு நிறைய விட்டதில்லை, அதனால் செத்தன. புதிதாகப் படகில் பேட்டரி கையாளப் போகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பதில் பெரும்பகுதி இந்த ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்.

வீட்டில் ஏன் பிழைத்தது என்று யோசித்தால் படகில் ஏன் செத்தது என்பது விளங்கும். 2012 மின்வெட்டுக் காலத்தில் சென்னையில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். மீதி 22 மணி நேரமும் இன்வெர்ட்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். படகில் நிலைமை தலைகீழ். செலவு 24 மணி நேரமும் நடக்கும், வரவு சில மணி நேரம்தான். ஈய அமில பேட்டரி மின்சாரத்தைக் கொடுக்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குப் போய்விடும். அரைகுறையாக ஏற்றி நாள்கணக்கில் விட்டால், மிச்சமிருக்கும் சல்பேட் இறுகிக் கல்லாகிவிடும். அந்த இடம் அப்புறம் வேலை செய்யாது. இப்படித்தான் 150 ஏ.ஹெச். பேட்டரி ஒரு வருடத்தில் 60 ஏ.ஹெச். ஆகிறது, வெளியே லேபிளில் மட்டும் 150 என்றே இருக்கும்.

1. முதலில் செலவுக் கணக்கு

பேட்டரிக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடும், இரண்டையும் பெருக்கினால் ஏ.ஹெச். வந்துவிடும். கருவியில் வாட் மட்டும் போட்டிருந்தால் 12-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து புதுச்சேரி கடல் வழியாகச் சுமார் 70 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் (மணிக்கு ஐந்து கடல் மைல்) போனால் 14 மணி நேரம். சாயங்காலம் கிளம்பினால் விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரலாம். அந்த மாதிரி ஒரு பயண நாளுக்கு எங்கள் கணக்கு இது. பாய்மர உச்சியில் எல்.இ.டி. விளக்கு, இரவு முழுக்க 5 ஏ.ஹெச். (பழைய 25 வாட் குண்டு பல்பாக இருந்தபோது இதுவே 20-க்கு மேல் தின்றது. புதிதாகப் படகு வாங்குபவர் முதல் செலவாக இந்த பல்பைத்தான் மாற்ற வேண்டும்.) வி.ஹெச்.எஃப். ரேடியோ சும்மா கேட்டுக்கொண்டிருக்க 10. வரைபடத் திரையும் ஜி.பி.எஸ்.ஸும் 15. இரண்டு சின்ன ஃபேன் 10. உள்விளக்கு, நாலு பேரின் செல்போன், அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் எல்லாம் சேர்த்து 14. சுக்கானைத் தானாகப் பிடிக்கும் ஆட்டோபைலட் 36. இதுவரை 90.

இனி ஃப்ரிட்ஜ். ஐரோப்பியக் கையேடுகளில் 12 வோல்ட் படகு ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் பாதி நேரம்தான் ஓடும் என்று எழுதியிருப்பார்கள். கத்திரி வெயிலில் எங்கள் படகில் அது அதற்கும் மேலே ஓடும். 4.5 ஆம்பியர் வீதம் ஒரு நாளில் 13, 14 மணி நேரம் என்று வைத்தால் 60 ஏ.ஹெச். ஆக மொத்தம் 150. ஃப்ரிட்ஜ் ஒன்றே ஐந்தில் இரண்டு பங்கு! இரண்டு நாள் பயணத்துக்கு மீன் வைக்கும் ஐஸ் பெட்டியும் காசிமேட்டு ஐஸும் போதும் என்பது என் கட்சி. நண்பர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

2. எவ்வளவு, எந்த வகை

ஈய அமில பேட்டரியை அதன் கொள்ளளவில் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால்தான் அது நாலைந்து வருடம் உழைக்கும். ஆக ஒரு நாள் செலவு 150 என்றால் வங்கி 300 ஏ.ஹெச். இருக்க வேண்டும். பல பேட்டரிகளை இணைத்து ஒன்றாக வைக்கும் தொகுப்பைத்தான் வங்கி என்கிறோம். நல்ல பெயர்தான்: போட்டால்தான் எடுக்க முடியும்.

சென்னைக்காரர் எவருக்கும் முதலில் தோன்றுவது, வீட்டில் இருக்கிற மாதிரி உயரமான டியூபுலர் பேட்டரி. விலை குறைவு, ஆழமாக இறக்கினாலும் தாங்கும், எந்தத் தெருவிலும் கிடைக்கும். ஆனால் பாய்மரப் படகு சாய்ந்துதான் ஓடும்; நல்ல காற்றில் 20, 25 டிகிரி சாயும். உயரமான திறந்த வகை பேட்டரியிலிருந்து அமிலம் மூடி வழியே கசியும். ஒரு பக்கம் தகடு தண்ணீருக்கு வெளியே நிற்கும். கிட்டத்தட்ட 60 கிலோ எடையுள்ள பெட்டி நெட்டுக்குத்தலாக நின்று அலையில் ஆடுவதும் நல்லதில்லை. அதனால் மூடிய வகைகளான ஏ.ஜி.எம். (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும்) அல்லது ஜெல் (அமிலம் கூழாக இருக்கும்) பக்கம் போங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பணம் இருப்பவர்களுக்கு நல்ல வழி. அதற்குப் பட்டினி ஒரு பொருட்டே இல்லை. அரைகுறையாக வைத்திருந்தால் இன்னும் சந்தோஷம். 80 சதவீதம் வரை எடுக்கலாம், எடை பாதிக்கும் கீழே, 200 ஏ.ஹெச். போட்டாலே மேலே சொன்ன கணக்குக்குப் போதும். ஆனால் அதை எஞ்சினோடு நேராக இணைத்தால் வரும் வம்பைப் பின்னால் சொல்கிறேன். இன்னொன்று: மின்சார ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அவற்றில் பல வேறு வகை லித்தியம், சூடேறினால் எளிதில் தீப்பிடிப்பவை. கடல் நடுவில் தீயை விட்டு ஓட இடம் கிடையாது.

பழையதோடு புதியதைச் சேர்க்காதீர்கள். ஒரே கம்பெனி, ஒரே வயது, ஒரே அளவு. இரண்டை இணையாகக் கட்டும்போது பிளஸ் ஒயரை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸ் ஒயரைக் கடைசி பேட்டரியிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியில் மாட்டினால் அதுதான் எல்லா வேலையும் செய்யும், மற்றது வேடிக்கை பார்க்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஒரு தனி பேட்டரி கட்டாயம். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடிவிட்டுக் காலையில் எஞ்சின் திரும்பாமல் நிற்பது கடலில் நடக்கக் கூடாத கூத்து.

3. அளக்கும் கருவி: இதில் கஞ்சத்தனம் வேண்டாம்

எங்கள் முதல் பேட்டரிகள் சாகக் காரணம் சார்ஜரில் எரிந்த பச்சை விளக்கு. பச்சை எரிந்தால் நிறைந்துவிட்டது என்று நம்பினோம். அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் வோல்டேஜும் கடிகாரமும்தான்.

வெறும் வோல்ட் மீட்டரும் ஏமாற்றும். சார்ஜ் ஏறும்போது 13.8 காட்டும், விளக்குகளைப் போட்டால் 12.1 காட்டும், இரண்டுமே உண்மையான நிலவரம் அல்ல. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சில மணி நேரம் பேட்டரியைச் சும்மா விட்டபின் பாருங்கள். ஏ.ஜி.எம். என்றால் 12.8-க்குப் பக்கத்தில் இருந்தால் நிறைவு; 12.2-ஐ ஒட்டி இருந்தால் பாதி, 11.8 என்றால் காலி. ஆனால் பயணத்தின்போது யார் நாலு மணி நேரம் எல்லாவற்றையும் அணைத்து வைப்பது?

அதனால் ஷன்ட் (ஓடும் மின்சாரத்தை அளக்க உதவும் உலோகத் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று வாங்குங்கள். மைனஸ் ஒயரில் உட்கார்ந்துகொண்டு உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருக்கும் கருவி. மாட்டும்போது ஒரு விதி: பேட்டரியின் மைனஸில் ஷன்ட்டின் ஒயரைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு பம்பின் ஒயரை நேராக மாட்டினாலும் கணக்கு பிசகும். வங்கியின் கொள்ளளவை அதில் சரியாகப் பதிய வேண்டும். வாரக்கணக்கில் முழுசாக நிறையாமல் ஓடினால் அதன் சதவீதக் கணக்கும் விலகிக்கொண்டே போகும். ஒரு முறை முழுசாக நிறைந்தால்தான் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியரை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரும் வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிளாம்ப் மீட்டர் என்று மட்டும் கேட்டால் மலிவான ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது ஏ.சி. ஆம்பியர் மட்டும் அளக்கும், படகில் பாதிப் பயன்கூடக் கிடையாது. டி.சி. ஆம்பியரும் அளக்குமா என்று கேட்டு, கடையிலேயே ஒரு பேட்டரி ஒயரில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் வாங்கியது இப்போது வீட்டில் ஏ.சி. மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கத்தான் பயன்படுகிறது.

4. சார்ஜ் ஏறும் மூன்று கட்டம்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மெட்ரோ வாட்டர் லாரியில் குடம் பிடித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வெறும் குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தால் எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் வாங்கிக்கொள்ளும். கழுத்து வந்ததும் குழாயைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே தெறிக்கும். நிறைந்த பிறகு சொட்டுச் சொட்டாக.

முதல் கட்டத்தில் சார்ஜர் தன்னால் முடிந்த முழு ஆம்பியரையும் தள்ளும், பேட்டரியின் வோல்டேஜ் மெல்ல ஏறும். ஈய அமில வகை தன் கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவீதம் வரை இப்படி வாங்கும். வோல்டேஜ் 14.4-ஐத் தொட்டதும் இரண்டாம் கட்டம். இனி வோல்டேஜ் அங்கேயே நிற்கும், ஆம்பியர் தானாகக் குறைந்துகொண்டே வரும். முதலில் 40, பிறகு 25, பிறகு 12, பிறகு 6. பேட்டரிதான் இங்கே முதலாளி; நீங்கள் எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்திருந்தாலும் அது கேட்பதற்கு மேல் தள்ள முடியாது. இந்தக் கடைசி 20 சதவீதத்துக்கு நாலு மணி நேரம், சில சமயம் ஆறு மணி நேரம்கூட ஆகும். அவசரப்படுத்த வழியே இல்லை. ஆம்பியர் வங்கியின் கொள்ளளவில் ஓரிரு சதவீதத்துக்கு இறங்கினால், அதாவது 300 ஏ.ஹெச்.சுக்கு 3 முதல் 6 ஆம்பியர் என்றால், நிறைந்துவிட்டது. பச்சை விளக்கை விட்டுவிட்டு இந்த எண்ணை நம்புங்கள். மூன்றாம் கட்டத்தில் சார்ஜர் 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிக் காவல் காக்கும்.

உங்கள் சார்ஜரிலும், சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலரிலும் பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று இப்போதே போய்ப் பாருங்கள். எங்கள் கன்ட்ரோலர் வாங்கியபடியே ஜெல் வகைக்கு வைத்திருந்தது. ஜெல்லுக்கு 14.1 போதும். எங்கள் ஏ.ஜி.எம். பேட்டரி கேட்டது 14.4-க்கு மேல். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் ஒரு வருடமாக அரை வயிற்றோடு கிடந்தன. கையேட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காதது என் தப்பு. உங்கள் பேட்டரி தயாரிப்பாளர் கொடுத்த எண் நான் சொல்வதிலிருந்து மாறுபட்டால் அவர்கள் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சென்னை வெயில். மேலே சொன்ன எண்களெல்லாம் 25 டிகிரிக்கு எழுதியவை. பேட்டரி அதைவிடச் சூடாக இருந்தால் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 24 மில்லிவோல்ட். மே மாதத்தில் இருக்கைக்கு அடியில் பேட்டரி இருக்கும் பெட்டிக்குள் 38 டிகிரி என்றால் 13 டிகிரி அதிகம், 14.4 என்பது 14.1 ஆக வேண்டும். குறைக்காவிட்டால் பேட்டரி உள்ளுக்குள் வறண்டு போகும். மூடிய வகையில் தண்ணீர் ஊற்றவும் முடியாது. ஆகவே வெப்ப உணரி வைத்த சார்ஜராகப் பார்த்து வாங்கி, அந்த உணரியைப் பேட்டரியின் உடம்பிலேயே ஒட்டுங்கள். 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. எஞ்சின் அறைக்குள் பேட்டரி வைத்திருந்தால் இடத்தை மாற்ற வழி தேடுங்கள்.

5. எஞ்சினிலிருந்து

எஞ்சினோடு ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் 60 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். சூடேறிய பிறகு, சாதாரண வேகத்தில், 30, 35 கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். கார்களுக்காக வடிவமைத்த ஆல்டர்னேட்டரின் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் பேட்டரி வெந்துவிடக் கூடாது என்ற கவலையோடு சீக்கிரமே கையைச் சுருக்கிக்கொள்ளும். கட்டம் கட்டமாகச் சார்ஜ் செய்யும் வெளி ரெகுலேட்டர் ஒன்று மாட்டினால் நிலைமை தேறும். புதுப்பேட்டையில் பழைய ஆல்டர்னேட்டர் பெரிதாகவும் மலிவாகவும் கிடைக்கும், வாங்கி மாட்டலாம்தான். ஆனால் பெட்ரோல் எஞ்சின் படகாக இருந்தால் தீப்பொறி வெளிவராதபடி மூடிய, படகுக்கென்றே செய்த ஆல்டர்னேட்டரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை அணைக்கக் கூடாது. மின்சாரம் போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகள் ஒரு நொடியில் போய்விடும். லித்தியத்தில் இருக்கும் வம்பும் இதுதான். அதன் உள்ளே காவலுக்கு இருக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுச் சுற்று ஏதோ பிடிக்காமல் பேட்டரியைத் துண்டித்தால் அதே கதை. போதாக்குறைக்கு லித்தியம் கடைசி வரை முழு ஆம்பியரையும் குடிக்கும். ஆல்டர்னேட்டர் மூச்சுவிட நேரமில்லாமல் வெந்துவிடும். அதனால் ஆல்டர்னேட்டரை ஸ்டார்ட் பேட்டரிக்கு மட்டும் கொடுத்து, அங்கிருந்து 30 ஆம்பியர் டி.சி. டு டி.சி. சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு அனுப்புங்கள்.

சார்ஜுக்காக மட்டும் டீசல் எஞ்சினை நங்கூரத்தில் மணிக்கணக்கில் ஓட்டுவது எஞ்சினுக்கும் நல்லதல்ல. பாரமில்லாமல் ஓடினால் கரி பிடிக்கும். டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில் பர்ஸுக்கும் நல்லதல்ல.

6. சூரியனிலிருந்து

நம்மூருக்கு ஆண்டவன் கொடுத்தது இது. 100 வாட் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் 25 முதல் 30 ஏ.ஹெச். கொடுக்கும். 400 வாட் வைத்தால் 100-க்கு மேல். படகில் பேனலைச் சாய்த்து வைக்க முடியாது, படுக்கையாகத்தான் கிடக்கும். சென்னை 13 டிகிரி அட்சத்தில் இருப்பதால் அதனால் பெரிய நஷ்டமில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். மேகம் மூடிய நாளில் கால் பங்கு வந்தாலே பெரிது.

வெயிலைவிட முக்கியம் நிழல். பாய்மரம், கயிறு, பாய் கட்டும் கட்டை, ஏதோ ஒன்றின் நிழல் ஒரு கோடாகப் பேனலின் மேல் விழுந்தால்கூட வரவு பாதிக்கும் கீழே விழும். நிழல் விழும் அளவுக்குத்தான் குறையும் என்று நினைத்தால் தப்பு. பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோத்திருக்கும், ஒன்று மூச்சு அடைத்தால் அந்த வரிசையே நிற்கும். எனவே பின்பக்கக் கம்பி வளைவின் மேல், முடிந்தவரை எல்லாவற்றுக்கும் வெளியே தள்ளிப் பொருத்துங்கள். நங்கூரமிட்ட பிறகு கட்டையைக் கயிறு கட்டி ஒரு பக்கமாக இழுத்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. அப்புறம் காக்கை. துறைமுகத்தில் படகை நிறுத்தினால் காக்கைக்குப் பேனலை விடப் பிடித்த இடம் கிடையாது. எச்சமும் உப்பும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்தால் அன்றே வித்தியாசம் தெரியும்.

கன்ட்ரோலரில் எம்.பி.பி.டி. வகையே (பேனலின் வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றி முழுச் சக்தியையும் எடுப்பது) வாங்குங்கள். அப்படி மாற்றத் தெரியாத பி.டபிள்யூ.எம். வகை விலை குறைவுதான், ஆனால் பெரிய பேனலில் இழப்பு அதிகம். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

7. கரையிலிருந்து

கரையில் 230 வோல்ட் கிடைத்தால் முழுசாக நிறைக்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. ஆனால் என்னைப் பயமுறுத்துவதும் இதுதான். ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒயரின் நுனியைச் சீவி நேராகச் சொருகி, தண்ணீருக்கு ஓர் அடி மேலே ஆட விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் கரை மின்சாரத்தைப் படகுக்குள் விடாதீர்கள். மெக்கானிக் கடைகளில் வைத்திருக்கும் கனமான டிரான்ஸ்பார்மர் சார்ஜரும் வேண்டாம். அதற்கு நிறுத்தத் தெரியாது, பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். நிரந்தரமாகக் கரையோடு இணைத்து வைப்பதானால் கால்வனிக் ஐசொலேட்டர் ஒன்று தேவை. இல்லாவிட்டால் எர்த் ஒயர் வழியாகப் பக்கத்துப் படகும் உங்கள் படகும் சேர்ந்து ஒரு பேட்டரியாகி, உலோகப் பாகங்களை அரிப்பிலிருந்து காக்க அடியில் கட்டியிருக்கும் ஜிங்க் கட்டி சில மாதங்களில் கரைந்து காணாமல் போகும்.

8. ஒயரும் ஃபியூஸும்

வங்கியின் பிளஸ் முனையிலிருந்து ஏழு அங்குலத்துக்குள், அதாவது ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், பெரிய ஃபியூஸ் இருக்க வேண்டும். 300 ஏ.ஹெச். வங்கி ஷார்ட் ஆனால் ஒயர் சிவந்து உருகும். வேலை செய்யும்போது மோதிரம், செயின், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள், ஸ்பானரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். சாதாரணச் செம்பு உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப் பொடியாகும், வெளியே பார்த்தால் தெரியாது. காசிமேட்டு அண்ணன் எங்கள் படகில் ஒயரை ஒரு சாண் உரித்துக் காட்டியபோது உள்ளே கரிக்கோடு மாதிரி இருந்தது.

பேட்டரிப் பெட்டியின் மேல்பக்கம் காற்றுப்போக்கு இருக்க வேண்டும். சார்ஜின் கடைசிக் கட்டத்தில் ஹைட்ரஜன் வரும், காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். படகுக்குள் கடல்நீர் புகுந்து பேட்டரியின் அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு வரும். எனவே அடிநீர் எட்டாத உயரத்தில் வைத்து, படகு கவிழ்ந்தாலும் நகராதபடி பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். திறந்த வகை பேட்டரிதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது செம்பு, அலுமினியச் சுருளின் அழுக்கைக் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர். பேட்டரிக்கு ஆகாது.

9. ஒரு நாளின் ஒழுங்கு

இவ்வளவும் மாட்டிய பிறகு எப்போது எதை ஓட்டுவது என்பதில்தான் எங்கள் படகில் பெரிய மாற்றம் வந்தது. முன்பெல்லாம் சாயங்காலம் நங்கூரம் போட்டதும் இரண்டு மணி நேரம் எஞ்சினை ஓட்டுவோம். பகல் முழுக்கச் சோலார் முக்கி முக்கி 80 சதவீதம் வரை ஏற்றியிருக்கும். அதற்கு மேல் பேட்டரி பத்து ஆம்பியர்தான் கேட்கும். 35 கொடுக்கக்கூடிய ஆல்டர்னேட்டர் பத்தைக் கொடுத்துக்கொண்டு டீசலைக் குடிக்கும்.

இப்போது எஞ்சினை விடிகாலையில் ஓட்டுகிறோம். ராத்திரிச் செலவெல்லாம் முடிந்து பேட்டரி பசியோடு இருக்கும் நேரம் அது. கொடுத்த ஆம்பியரை எல்லாம் விழுங்கும். மானிட்டரில் 50, 55 சதவீதம் என்று பார்த்தால், காபி போட்டு, பாயைச் சரிபார்த்து, துறைமுகத்தை விட்டு வெளியேறும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் 50 ஏ.ஹெச். ஏறிவிடும். அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சூரியனிடம் விடுகிறோம். ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை மெல்ல மெல்ல ஏற்றுவதற்குச் சோலாரை விட்டால் ஆள் கிடையாது. கடைசி 20 சதவீதத்துக்கு வேண்டியதும் அந்த நிதானம்தான். ஃப்ரிட்ஜ் மதியம் அதிகம் இழுக்கட்டும், வெயில் இருக்கிறது. செல்போன், லேப்டாப் எல்லாம் பகலிலேயே சார்ஜ். ராத்திரி பத்து மணிக்கு மானிட்டரைப் பார்த்து, எத்தனை சதவீதம் என்று பயணக் குறிப்பேட்டில் எழுதுகிறோம்.

எப்படியானாலும் வாரத்துக்கு ஒரு முறை, முடிந்தால் நாலைந்து நாளுக்கு ஒரு முறை, ஆம்பியர் அந்தக் கடைசி ஓரிரு சதவீதத்துக்கு இறங்கும் வரை நிறைத்துவிடுங்கள். போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) மாதிரி 700 கடல் மைலுக்கு மேல் போகிறவர்கள் ஆறேழு நாள் கரையைப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் கரை மின்சாரத்தில் முழுசாக நிறைத்துக்கொண்டு, செலவைக் குறைத்துக்கொண்டு போவது நல்லது. ஆட்டோபைலட்டுக்குப் பதில் காற்றாலேயே இயங்கும் சுக்கான் கருவி இருந்தால் 36 ஏ.ஹெச். அப்படியே மிச்சம்.

10. படகு சும்மா கிடக்கும்போது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேடு முழுக்கப் படகுகள் வரிசையாக நிற்கும். பாய்மரப் படகுக்குத் தடை கிடையாது, ஆனால் அந்த வெயிலில் நாங்களும் வெளியே போவதில்லை. ஈய அமில பேட்டரி சும்மா இருந்தாலே தானாக இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. முழுசாக நிறைத்து, முதன்மைச் சுவிட்சை அணைத்து, ஒரு சின்ன சோலார் பேனலையாவது கன்ட்ரோலரோடு வங்கியில் இணைத்துவிட்டுப் போங்கள். அடிநீர் பம்ப்பை மட்டும் தனி ஃபியூஸோடு இணைப்பில் விடுங்கள், மே மாதத்திலும் திடீர் மழை உண்டு. லித்தியமாக இருந்தால் முழுசாக நிறைக்காதீர்கள். பாதியில் நிறுத்திச் சார்ஜரைத் துண்டித்துவிட்டுப் போகலாம்.

போன தடைக்காலம் முடிந்து படகைத் திறந்தபோது எங்கள் இரண்டாவது ஜோடி பேட்டரி 12.8 காட்டியது. காசிமேட்டு அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரி, ஷன்ட்டு முனையில பச்சை பூத்திருக்கும், அதைத் தேய்ச்சி வை" என்றார். போய்ப் பார்த்தால் பூத்துத்தான் இருந்தது.